மீட்டருக்கு வெள்ளை காட்டிய நாட்கள்

அன்று சாயப் பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளி சாமியப்பன், அவர் சம்சாரம் பழனாத்தாள், சாயம் கரைக்கும் குப்புராசு, பாய்லர் பார்க்கும் அத்தப்பன், மெஷினில் நிற்கும் ஒடிசாக்காரத் தம்பிகள் மூவர், பெருக்கித் துடைக்கும் மாராத்தாள், லேபில் நிறம் பார்க்கும் தாரகேசுவரி, அவள் சொல்லும் எண்களை நோட்டில் எழுதும் நாச்சிமுத்து ஆகிய நான். ஆகப் பத்துப் பேர். தாரகேசுவரிக்கு அப்போது எட்டாம் மாதம் என்பதால் பத்தரை என்றார் குப்புராசு. நான் பதினொன்று என்றே எழுதினேன்.

ஆயுத பூசை நாள் அது. ஆண்டுக்கு ஒருநாள் மெஷின்கள் நிற்கும். நின்றவற்றைக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைப்பது பதினேழு வருடமாக என் வேலை. பாய்லருக்கு வைத்தேன், ஆறு சாய மெஷின்களுக்கு வைத்தேன், இரண்டு தராசுக்கும் பூட்டுக்கும் சாவிக்கும் வாளிகளுக்கும் வைத்தேன், நாற்பத்தாறாவதாகக் கை மீட்டருக்கு வைத்தேன், நாற்பத்தேழாவதாக அதன் பெட்டிக்குள் பதிந்திருந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டுக்கும் வைத்தேன். ஓட்டுக்கு வைக்கக் கூடாதென்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வெள்ளையாக, வட்டமாக, ஒரு நெற்றி போல இருந்தது.

கை மீட்டர் என்பது இஸ்திரிப் பெட்டி அளவுள்ள கருவி. அடியில் ஒரு கண். சாயம் போட்ட துணிமேல் வைத்து அமுக்கினால், துணியிலிருந்து வரும் வெளிச்சத்தை முப்பத்தொரு பங்காகப் பிரித்து ஒவ்வொரு பங்குக்கும் ஓர் எண் சொல்லும். வெளிச்சத்துக்கு நீளம் உண்டு என்பதைத் தாரகேசுவரிதான் எனக்குச் சொன்னாள். ஊதா குட்டை, அதன் நீளம் நானூறு, சிவப்பு நெட்டை, எழுநூறு, நடுவில் மற்றதெல்லாம். பத்துப் பத்தாக எண்ணிப் போனால் முப்பத்தொரு படி. நானூறு என்றால் நானூறு நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனில் நூறு சிவப்பை வரிசையாகப் படுக்க வைக்கலாம் என்றாள். அவ்வளவு சின்னதை அளக்கிற கருவி கையில் தூக்கிப் போகிறபடி இருப்பதால், வெயிலிலும் நீராவியிலும் அலைந்து கொஞ்சம் கொஞ்சமாக வழி தவறிவிடும். ஆகவே தினமும் காலை ஒன்பது மணிக்கு அதைப் பெட்டிக்குள் வெள்ளை ஓட்டின்மேல் உட்காரவைத்து, இதுதான் வெள்ளை என்று அதற்கு ஞாபகப்படுத்த வேண்டும். மீட்டருக்கு வெள்ளை காட்டுவது என்போம். உள்ளே பதிந்திருக்கும் பீங்கான் ஓட்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பூசைக்கு மறுநாள் ஒன்பது மணிக்குத் தாரகேசுவரி வெள்ளை காட்டினாள், பிறகு முதல் துணியை அளந்து நானூறிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தாள், நான் எழுதிவந்தேன், அறுநூற்றுத் தொண்ணூறோடு நிறுத்தினாள்.

“அம்மிணி, எழுநூறுக்கு ஒண்ணும் சொல்லலியே?”

“மீட்டர் கோடு போட்டிருக்குதுங் பெரியப்பா. ஓரத்து எண்தானுங். நீங்களும் கோடே போட்டுருங்.”

கோடு போட்டேன். மறுநாள் அறுநூற்றுத் தொண்ணூறும் கோடானது. மூன்றாம் நாள் அறுநூற்று எண்பது. அன்றுதான் அவள் பெட்டியைச் சாய்த்து ஓட்டைப் பார்த்து, “இதுல ஆருங் குங்குமம் வெச்சது?” என்றாள். நான் எழுந்து நின்றேன். எனக்கு முன்னால் குப்புராசு பேசிவிட்டார்.

“சாமிக்கு வெச்சதுக்கு ஆரைக் குத்தஞ் சொல்றது அம்மிணி? கணக்கண்ணன் வேணும்னா வெச்சாரு? வேணும்னு ஒரு காரியம் செய்யற ஆளா அவரு?”

எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டைக் கழுவினோம், கோயமுத்தூரிலிருந்து புது ஓடு வாங்கி வைத்தோம், மீட்டர் கோடு போடுவதை விடவில்லை. முதலாளி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். நான்காம் நாள் அவரே எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

எங்கள் நோட்டில் கோடு விழுந்த எண்கள் ஊரிலும் இல்லை என்பது ஏழெட்டு நாளில் தெரிந்தது. மிளகாய் வற்றல் முதலில் மங்கியது, பிறகு பழுப்பானது, பதினோராம் நாள் அறுநூறும் போனபோது சிவப்பென்று எதுவுமே இல்லாமல் எல்லாம் கறுப்பாயிற்று. எங்கள் வாய்க்கால்புதூர் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று டிவியில் சொன்னார்கள். மூன்று நாள் அதையே சொன்னார்கள், அப்புறம் கிரிக்கெட் போட்டார்கள். காரணம் எங்கள் பட்டறை மீட்டர் என்று முதலாளி மனு எழுதிக் கலெக்டர் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தார். மனுவுக்கு 1847 என்று எண் கொடுத்து, வரும்போது அந்த எண்ணைச் சொல்லச் சொன்னார்கள். தக்காளியை அமுக்கிப் பார்த்து வாங்கப் பழகினோம். மாரியம்மன் கோயில் பூசாரி கறுப்புக் குங்குமத்தைத் தட்டில் நீட்டினார், பெண்கள் கறுப்பென்று பாராமல் வைத்துக்கொண்டார்கள். ஐப்பசிக் கடைசியில் குறித்திருந்த கல்யாணங்களில் பதினான்கு, மஞ்சள் இருக்கும்போதே தாலி கட்டிவிட வேண்டுமென்று முன்கூட்டியே நடந்தன. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். முன்பெல்லாம் ஒரு சிவப்புக்கு எட்டு முறை திருப்பி அனுப்புகிறவர், இப்போது எதை அனுப்பினாலும் நிறம் சரியாக இருக்கிறது என்று பதில் போட்டார்.

தாரகேசுவரிக்குத்தான் பொறுக்கவில்லை. காரணம் எங்கள் பத்துப் பேருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குப் பிறந்த முதல் குழந்தை நீலமாக வந்தது. உதடு நீலம், நகக்கண் நீலம். மூன்று முறை சின்னதாக அழுதது. இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் உயிரோடு இருந்தது.

பதினோராம் நாள் அவள் நோட்டை என் கையிலிருந்து வாங்கிக் கோடுகளை விரலால் எண்ணினாள்.

“டாக்டரம்மா குடுத்த தேதி பூசைக்கு நாப்பதாவது நாளுங் பெரியப்பா. அன்னைக்கு எத்தனை மிச்சமிருக்கும்?”

நான் பேனா மூடியைத் திருகினேன்.

“சொல்லுங். கணக்குத்தானுங்களே.”

“முப்பத்தொண்ணாம் நாளே ஒண்ணும் இருக்காது அம்மிணி.”

“அதுக்கு முன்னாடிப் பொறந்தா?”

“அப்பப் பூரா நீலந்தான் இருக்கும்.”

அவள் நோட்டை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். “பூரா நீலமா இருந்தா, என்ற குழந்தை நீலமா இல்லையான்னு எனக்கு எப்படிங் தெரியும்? அந்த நீலத்தை நான் மீட்டர் வெச்சுப் பார்க்கல. ஆனாத் தெரியும். நானூத்தி எழுபது.”

விரலில் மாட்டி ரத்தத்தில் காற்று இருக்கிறதா என்று பார்க்கும் கிளிப்பும் ஆஸ்பத்திரியில் வேலை செய்யவில்லை. அது விரலுக்குள் ஒரு சிவப்பு வெளிச்சத்தை அனுப்பித்தான் பார்க்குமாம். அந்தச் சிவப்பின் நீளம் அறுநூற்று அறுபது, ஐந்தாம் நாளே போயிருந்தது.

வெள்ளை காட்டும்போதெல்லாம் ஒன்று போகிறது, ஆகவே நாளைக்கு வெள்ளை காட்ட வேண்டாம் என்று அவள் முதலாளியிடம் சொன்னாள். முதலாளி சரி என்றார். பன்னிரண்டாம் நாள் ஒன்பது மணிக்கு மீட்டரை யாரும் தொடவில்லை. நாங்கள் அதைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பத்து மணி வரை ஒன்றும் நடக்கவில்லை.

பத்து மணி ஏழு நிமிடத்துக்குப் பாய்லர் கதவு பச்சையானது. பிறகு மஞ்சளானது, பிறகு அங்கே கதவே இல்லை, அனல் மட்டும் இருந்தது. அளக்க ஆளில்லாத வெளிச்சம் தன் நீளத்தை மறந்து நீண்டும் குறுகியும் அலைந்தது, அலைந்து எழுநூறைத் தாண்டியது கண்ணுக்குத் தெரியவில்லை, நானூறுக்குக் கீழே இறங்கியதும் தெரியவில்லை. மாராத்தாள் பெருக்கிக்கொண்டிருந்தாள், பார்க்கப் பார்க்க அவள் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் விளக்குமாறு மட்டும் நகர்ந்தது.

“அய்யோ, என்ற காலு எங்கீங்?” என்று கத்தினாள்.

“ரெண்டும் எடத்துலதான் இருக்கும், நட ஆத்தா,” என்றார் அத்தப்பன். அவர் தலையும் அப்போது இல்லை.

நாங்கள் சிரித்த சிரிப்பு சாலை வரைக்கும்தான் இருந்தது. சாலையில் பஸ் இருந்தது, இல்லை, இருந்தது. அன்று ஊருக்குள் ஐந்து பேருக்கு எலும்பு முறிந்தது. பால்வண்டி ஓட்டும் ராக்கியப்பன் மேல் லாரி ஏறியது. நடுச்சாலையில் கிடந்தவரைக் கண்டு எடுக்க நாலு மணி நேரம் ஆயிற்று. கையால் தடவித் தடவித்தான் எடுத்தார்கள்.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. கை தூக்கினால் கை தெரியாது என்பதால் ஒவ்வொருவராக வாயால் சொல்லச் சொல்லி நான் எண்ணினேன். மீட்டருக்கு வெள்ளை காட்டட்டும் என்றவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. வேண்டாம் என்றவர்கள் முப்பத்தெட்டு. பேசாமல் இருந்தவர்கள் ஒன்பது, அவர்களில் நான் ஒருவன். கடைசியாகத் தாரகேசுவரி சொன்னாள்.

“அளக்காம விட்டா செத்தது உசிரோட இருக்கற மாதிரித் தெரியும், உசிரோட இருக்கறது இல்லாத மாதிரித் தெரியும். நானே அமுத்தறேனுங். நாளைக்கு ஒரு நாளைக்கு அமுத்தலாம். அப்பறம் பாத்துக்கலாம்.”

பதின்மூன்றாம் நாள் ஒன்பது மணிக்கு அவள் கட்டைவிரல் பட்டதும் கதவு கதவாயிற்று, மாராத்தாளுக்குக் கால் வந்தது, எல்லாம் அதனதன் இடத்தில் நின்றது. முன்பே போனவற்றோடு ஐந்நூற்றுத் தொண்ணூறும் போனது, எதுவும் திரும்பவில்லை. நிறுத்தி வைத்த நாளுக்காக எதுவும் கூடக் கிடைக்கவும் இல்லை; கடைசி நாள் முப்பத்தொன்றிலிருந்து முப்பத்திரண்டுக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று பேசினோம். ஒவ்வொரு காலையும் எட்டே முக்காலுக்கு யாராவது ஒருவர் வீட்டில் ஒரு காரணம் இருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. ஒருநாள் அறுவடை மெஷின் வரும் நாள், வயலில் ஆள் நிற்பது தெரியாவிட்டால் என்ன ஆகும்? ஒருநாள் ராக்கியப்பன் காரியம், அவர் பெண்டாட்டி வந்து, “அவியளைத்தான் பாக்க முடியல. கும்புட வாரவங்க மொகத்தையாச்சும் பாக்கறேன்,” என்றாள். தாரகேசுவரி அமுக்கினாள். நான் கோடு போட்டேன்.

மஞ்சள் முதலில் பச்சையாகி, பிறகு இருண்டது. தங்கமும் அப்படியே ஆனது; கழுத்தில் கிடந்ததைக் கழற்றி எடை பார்த்துத் தங்கம்தான் என்று நம்பிக்கொண்டார்கள். வெள்ளை வேட்டி இளம்பச்சை கலந்த நீலமாயிற்று, பாலும் அப்படி, சோறும் அப்படி. சோற்றைப் பார்த்துக் குழந்தைகள் இரண்டு நாள் அடம் பிடித்தன, மூன்றாம் நாள் தின்றன. இருபத்திரண்டாம் நாள் ஐந்நூறு போனபோது தென்னையும் வாழையும் கரி பூசியது போல நின்றன, ஆனால் காய்த்தன. எல்லாக் கட்சிக் கொடியும் ஒரே கொடியானது, கட்சிக்காரர்கள் ஆள் முகத்தைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். முப்பத்திரண்டாம் நாளைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் கடையில் தேங்காய் நார்க் கயிறு தீர்ந்தது. வீட்டு வாசலிலிருந்து குழாயடிக்கு ஒரு கயிறு, குழாயடியிலிருந்து ரேஷன் கடைக்கு ஒரு கயிறு, அங்கிருந்து கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும். மத்தியானத்தில் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடந்து பழகினார்கள். எதிரில் வருகிறவர் மேல் இடித்தால், “ஆருங்?” என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுக் கண்ணைத் திறக்காமலே நலம் விசாரிப்பார்கள். பட்டறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அறுநூற்று நாற்பது முழக் கயிறு. அதை நானும் ஒடிசாத் தம்பிகளும் கட்டினோம்.

“அண்ணா, எங்க ஊருக்குக் கயிறு எவ்வளவு வேணும்?” என்று கேட்டான் மூவரில் தமிழ் தெரிந்த பிரதாப். கிலோமீட்டரை முழமாக்கிக் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவன் மற்ற இருவருக்கும் சொன்னான். மூன்று பேரும் சிரித்தார்கள், அப்புறம் அடுத்த முடிச்சைப் போடக் குனிந்தார்கள்.

இருபத்தைந்தாம் நாள் தாரகேசுவரி வந்து வெள்ளை காட்டினாள். நானூற்று எழுபது கோடானது. அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

“அந்த நீலமும் போச்சுங் பெரியப்பா. இனி அது வந்தாலும் எனக்குத் தெரியாது,” என்றாள். சொல்லி முடிக்கும்போதே மேசையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பதாம் நாளுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

அவள் வீட்டுக்காரன் லாரியோடு நாக்பூர்ப் பக்கம் இருந்தான். முதலாளியின் காரில் அவளை ஏற்றினோம். பழனாத்தாள் அவளோடு உள்ளே போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மத்தியானம் இரண்டு மணி இருபது நிமிடத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோ முந்நூறு கிராம். அழுத சத்தம் கேட்டது. மூன்று முறை. முதல் குழந்தையும் மூன்று முறை அழுததுதான்.

டாக்டரம்மா வெளியே வந்தார். அவர் கோட்டு, கை, முகம் எல்லாம் ஒரே ஊதா நீலம். “நெறம் பாக்க வழியில்லைங்க. மூச்சை எண்ணித்தான் ஆகணும். நிமிஷத்துக்கு நாப்பதுக்குக் கொறையக் கூடாது, அறுபதைத் தாண்டக் கூடாது. எங்கிட்ட ரெண்டு நர்ஸ், ஆறு கொழந்தைங்க,” என்றார்.

பழனாத்தாள் கதவிடுக்கில் தலையை நீட்டி, “எங்காளு ஒருத்தர் இருக்காருங். எண்ணறதுக்குன்னே பொறந்தவரு. வாங் நாச்சிமுத்தண்ணா,” என்றார்.

பெண்கள் இருக்கும் அறைக்குள் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டே போனேன். குழந்தை தாயின் பக்கத்தில் துணியில் கிடந்தது. துணி நீலம், குழந்தை நீலம், தாய் நீலம், என் கையும் நீலம். மூச்சுச் சத்தம் கேட்கிற அளவுக்கு இல்லை. நெஞ்சு ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது, அதுவும் ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தால்தான் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாற்பத்தொன்று. அடுத்து நாற்பத்து நான்கு. அடுத்து முப்பத்தொன்பது, அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அடுத்து நாற்பத்திரண்டு.

தாரகேசுவரி கண்ணை மூடியபடியே, “மணி என்னங் பெரியப்பா?” என்றாள்.

“நாலு இருபத்தொம்பது.”

கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டாள்.

“நாலு முப்பத்தொண்ணு அம்மிணி.”

முதல் குழந்தை இருந்த இரண்டு மணி நேரம் பத்து நிமிடத்தை இது தாண்டிவிட்டது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

இருட்டியதும் குழந்தையை விளக்குக்கு நேரே திருப்பிப் போட்டோம். எனக்குக் கண் சோர்ந்தபோது குப்புராசு எண்ணினார், அவருக்குப் பிறகு மாராத்தாள், பிறகு பழனாத்தாள். மாராத்தாளுக்கு இருபதுக்கு மேல் எண்ண வராது, ஆகவே இருபது இருபதாக எண்ணினாள். விடிந்து எட்டரைக்கு நான் மறுபடி உட்கார்ந்திருந்தபோது தாரகேசுவரி எழுந்து உட்கார்ந்தாள்.

“ஒம்பது மணி ஆகப்போகுதுங். போய் அமுத்துங்.”

நான் அதுவரை அந்த மீட்டரை அமுக்கியதில்லை. “இன்னைக்கு விட்டுரலாமா அம்மிணி? ஏழுதான் இருக்குது. பாப்பாவுக்குன்னு அந்த ஏழாச்சும் இருக்கட்டுமே.”

“விட்டா, பத்து மணிக்கு மேல நெஞ்சு ஏறி எறங்கறது தெரியுமாங்?”

“தெரியாது.”

“அப்பறம் எதைப் பாத்து எண்ணுவீங்க?”

நான் உட்கார்ந்தே இருந்தேன். அவள் குழந்தையின் துணியை நெஞ்சு தெரியும்படி விலக்கி, ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள்.

“டாக்டரம்மா மூணு நாளைக்கு எண்ணச் சொல்லியிருக்காங்க. நாளைக்கு வேணும்னா விட்டுக்கலாம். இன்னைக்குப் போயிட்டு வாங். நான் எண்ணிக்கறேன்.” சொல்லிவிட்டு உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினாள். நான் எழுந்தபோது என் கணக்கு நாற்பத்தாறு.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை. பட்டறையில் முதலாளியும் அத்தப்பனும் ஒடிசாத் தம்பிகள் மூவரும் மீட்டரைச் சுற்றி நின்றார்கள். பாப்பா எப்படி என்று முதலாளி கேட்டார். நாற்பத்தாறு என்றேன். அவர் தலையாட்டினார். ஒன்பது அடிக்க ஒரு நிமிடம் இருந்தது. மீட்டரைப் பெட்டிக்குள் உட்காரவைத்து, கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அமுக்கினேன்.

ஜன்னலுக்கு வெளியே வானம் ஒரு பிடி இருண்டது. வெளிச்சம் அலையவில்லை, அசையாமல் நின்றது. சொல்வதற்கு ஆளில்லாததால் நானே பார்த்து நானே எழுதினேன். நானூற்று அறுபதுக்குக் கோடு. ஆகக் கோடு இருபத்தைந்து. மீதம் ஆறு.